பெர்னடெட் வரைந்த சாய்வெழுத்து

ஈப்போ பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் இருக்கும் பெயர்ப்பலகைக் கடையில் பெர்னடெட்டுக்கு இருபத்திரண்டு வருட வேலை. லாரிக் கதவு, சாப்பாட்டுக் கடை பேனர், திருவிழா வளைவு எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் வெளியே போகும். இத்தனை வருடமும் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பலகையில் ஆங்கிலம் தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் செங்கல் வைத்தாற்போல் கட்டைப் பாதம் ஊன்றி நிற்கும். மலாய்க்கும் அதே எழுத்து. தமிழ் மட்டும் அடியில் மெலிந்து கிடக்கும். அந்த வடிவத்துக்கு ஈடான தமிழ் எழுத்து எதுவும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் லாரிக்குப் பெயர் போட வந்தவர், அவரும் தமிழர்தான், "தமிழைச் சின்னதா போட்டா போதும்லா. யாரு படிக்கப் போறா?" என்றார்.

"அப்ப ஏன் அண்ணே போடணும்? எடுத்துடவா?" என்று கேட்டார் பெர்னடெட்.

வந்தவர் வேறு கடைக்குப் போய்விட்டார். கடை முதலாளியான தவுக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெர்னடெட் அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, முதல் 'அ'வை வரைந்தார்.

பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் எந்த எழுத்தையும் சாய்த்துத் தரும். ஆனால் அப்படிச் சாய்ந்த 'ண' ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சூம்பிப் போயிருந்தது. தடிப்பைக் கூட்டினால் 'இ', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாயின. ஆகவே எல்லாவற்றையும் புதிதாகவே வரைந்தார். நேர்கோட்டில் முடியும் 'ப', 'ட' போன்றவற்றுக்குக் கட்டை வைப்பது எளிது. சுழிந்து முடியும் எழுத்துக்கு வைத்தால் காலில் விலங்கு பூட்டியது போலிருந்தது, அவற்றை விட்டுவிட்டார். சாய்ந்த எழுத்தின் தலையிலிருந்து புள்ளி நழுவி நின்றது. அதையும் ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்த்தினார். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

கோலாலம்பூரில் நடந்த எழுத்துருக் கூட்டம் ஒன்றில் அதைக் காட்டினார். தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் சிவநேசன்.

"தமிழுக்குச் சாய்வும் கிடையாது, பாதமும் கிடையாது. நீங்கள் தமிழுக்கு வெள்ளைக்காரன் சப்பாத்தை மாட்டியிருக்கிறீர்கள்" என்றார் அவர்.

பெர்னடெட் எழுந்து நின்றார். "ஓலை கிழியும்னு அந்தக் காலத்துல புள்ளியே வெக்காம எழுதினாங்கன்னு இப்பதான் நீங்க சொன்னீங்க சார். அச்சு வந்ததும் வெச்சோம்ல? அப்ப கெட்டுப் போகாத தமிழு இப்ப என் கையால கெட்டுப் போயிடுமா?"

சிலர் சிரித்தார்கள். சிவநேசன் அடுத்தவரை அழைத்தார். பெர்னடெட் ஊர் திரும்பி, யாரையும் கேட்காமல் அந்த எழுத்துருவை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்.

அடுத்த மார்ச்சில் புனிதா கடைக்கு வந்தார். சிலிம் ரிவர் பக்கம் பெர்னடெட் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அடுத்த வீட்டுப் பெண் அவர். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, இப்போது அந்த நிலம் வீடு கட்டும் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியிருந்தது.

"இடுகாட்டையும் சேர்த்து வேலி போட்டுட்டான் அக்கா. மூணு மாசத்துல எலும்பைத் தோண்டி எடுத்துட்டுப் போகணுமாம். ஒரு போர்டு வேணும்."

பெர்னடெட்டின் அப்பா அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார்.

"மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டார் பெர்னடெட்.

"எண்ணிட்டோம். இருநூத்திப் பதினாலு."

பெர்னடெட்டின் சாய்வெழுத்தில், பன்னிரண்டு அடி நீளத்தில் பலகை தயாரானது. 'இங்கே 214 பேர் இருக்கிறார்கள். மண்ணைத் தொடாதே.' சாலையில் விரைந்து போகும் காரிலிருந்தும் படிக்க முடிந்தது. எழுத்துகள் ஓர் அடி முன்னால் எடுத்து வைப்பது போல் சாய்ந்து நின்றன. நான்காம் நாள் கம்பெனி ஆட்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். பெர்னடெட் இன்னொன்று அடித்தார். அதுவும் போனது. மூன்றாவதை இடுகாட்டுக்கு எதிரே, ஐயாவு என்பவரின் சொந்த நிலத்தில், சிமெண்டு போட்டு நட்டார்கள். அதைத் தொடக் கம்பெனிக்கு உரிமை இல்லை.

பலகையின் படம் பல இடங்களுக்குப் பரவியது. வெளியூர்களுக்குப் போய்விட்ட பிள்ளைகள் கார் காராக வந்து இறங்கினார்கள். கம்பெனி அதிகாரி பேச்சுவார்த்தைக்கு வந்தபோது கூட்டம் சாலை வரை நின்றது.

"முதல்ல அந்தப் போர்டை எடுங்க, பிறகு பேசலாம்" என்றார் அதிகாரி.

"பேசுங்க. போர்டு அது பாட்டுக்கு நிக்கும்" என்றார் பெர்னடெட்.

ஏழு மாதம் இழுத்தது. கடைசியில் கம்பெனி வரைபடத்தை மாற்றி இடுகாட்டை விட்டுக்கொடுத்தது. ஆனால் ஓரத்து வரிசையின் ஒன்பது குழிகள் அதற்கு முன்பே இயந்திரத்தின் அடியில் போய்விட்டிருந்தன.

அவருடைய எழுத்து இன்று தெலுக் இந்தான் லாரிகளில் ஓடுகிறது. ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் பெட்டிகளின் மேல் இருக்கிறது. கபடிக்காரர்கள் சட்டையின் முதுகில் போட்டுக்கொள்கிறார்கள்.

போன நவம்பர், கல்லறைத் திருநாளன்று, இடுகாட்டுக்குப் போகும் பாதையில் கம்பெனி புதிதாக ஒரு கேட் போட்டுப் பூட்டியிருந்தது. பெர்னடெட் கம்பெனிக்கு இரண்டு முறை போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. ஐயாவு வீட்டிலிருந்து இரும்பு வெட்டும் கத்தரியை வரவழைத்து, பூட்டை அறுத்து, தன் பெயரையும் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி கேட்டிலேயே கட்டினார். பிறகு வந்திருந்தவர்கள் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு உள்ளே போனார்கள்.