காரே இல்லாத பந்தய வீடியோ

என் தம்பி இரண்டு வண்டி ஓட்டினான். ஒன்று, கட்டடம் கட்டும் இடத்தில் முப்பது மாடி உயரத்துக்கு நிற்கும் கிரேன். இன்னொன்று, என் முழங்கை நீளம்கூட இல்லாத ரிமோட் கார். இரண்டையும் விரல் நுனியால்தான் ஓட்ட வேண்டும். இரண்டிலும் அவனை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அக்கா பெருமை பேசுகிறாள் என்று தள்ளிவிட வேண்டாம். கடைசியில் என்ன ஆயிற்று என்பதையும் நானேதான் சொல்லப்போகிறேன்.

அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சட்டை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். இன்றுவரை அதே கம்பெனி, சோதனை மேசை. அங்குலத்துக்குப் பதினான்கு தையல் இருக்கிறதா, காலர் நுனி இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். "அக்கா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கு" என்று தையல்காரர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே நிதானமான கை. விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய வாளியைக் குழாயடியிலிருந்து மூன்றாவது மாடிக்குத் தூக்கி வருவான். படியில் ஒரு சொட்டு இருக்காது. பயிற்சி முடித்து கிரேனில் ஏறிய இரண்டாவது மாதமே அவனுக்கு 'நூலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நூல் பிடித்தாற்போல பாரத்தை இறக்குவான் என்பதால். பதினாறு வருடத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம்கூட அவன் கையில் கீறல் வாங்கியதில்லை.

கிரேன் அறையிலிருந்து பார்த்தால் பாரம் இறங்கும் இடம் பாதி நேரம் தெரியாது. கீழே நின்று வாக்கிடாக்கியில் "மேல, இடது, இறக்கு, நிறுத்து" என்று சொல்வதற்கு ஒரு ஆள் உண்டு. அவரைச் சிக்னல்காரர் என்பார்கள். தம்பியின் சிக்னல்காரர் ஒன்பது வருடமாக ஒரே ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்திலும் அவரே கூட நிற்பார். பேட்டரி மாற்றுவார், டயரைத் துடைப்பார், எதிராளியைக் கிண்டல் செய்வார். "ஆறு நாள் இவன் மேல, நான் கீழே. ஏழாவது நாள்தான் அக்கா இவன் மூஞ்சியைப் பாக்கிறேன். ஆறு நாளே தேவலை" என்பார்.

எங்கள் கம்பெனியில் முப்பது வருடம் முடித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். எனக்கு ஒரு வீடியோ கேமரா கிடைத்தது. உயர்தரப் படம், கன்னத்து மயிர்க்கால்கூடத் தெரியும் என்று மேலாளர் சொன்னார். சாம்பியன்ஷிப் இறுதிப் பந்தயத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன்.

பந்தயக்காரர்கள் ஓடுபாதையை ஒட்டி ஒரு மேடையில் வரிசையாக நிற்பார்கள். இடது கை ரிமோட்டைப் பிடித்திருக்கும், வலது கை அதில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பும். பந்தயம் எட்டு நிமிடம்; அதிகச் சுற்று ஓடியவனுக்கே வெற்றி, சுற்று சமமானால் குறைந்த நேரத்தில் முடித்தவனுக்கு. காருக்குள் நகக்கண் அளவு ஒரு சில்லு ஒட்டியிருப்பார்கள். கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு சுற்று என்று எழுதிக்கொள்ளும். நான் வேலிக்கு அருகில், மேடைக்கு எதிரே நின்றேன். வந்தவர்கள் எல்லோருடைய கேமராவும் பாதையைப் பார்த்தது. என்னுடையது மேடையைப் பார்த்தது. பள்ளிக்கூட மேடையில் பிள்ளை நின்றால் பெற்றவள் வேறு எதைப் படம் பிடிப்பாள்? எட்டு நிமிடமும் கை இறக்காமல் தம்பியை மட்டும் பிடித்தேன்.

முடியும்போது எல்லோரையும்விட ஏறக்குறைய ஒரு சுற்று முன்னால் இருந்தது அவன் கார்தான். சிக்னல்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பலகையில் பார்த்தால் தம்பிக்கு முப்பத்தொரு சுற்று, இரண்டாம் இடம். முதலிடம் என்று போட்டிருந்தவனுக்கும் முப்பத்தொன்றுதான், ஆனால் நேரம் குறைவு.

கிளப் செயலாளர் கடிகாரக் கடை வைத்திருப்பவர். சிக்னல்காரர் நேரே அவரிடம் போனார்.

"எங்க சுத்து ஒண்ணை உங்க கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சு சார்."

"கம்ப்யூட்டர் முழுங்காதுப்பா. மனுஷன்தான் முழுங்குவான்."

"அப்ப யார் வயித்துல இருக்குன்னு தேடிக் குடுங்க."

"வீடியோ இருந்தா காட்டு. இல்லேன்னா இதுதான் முடிவு."

"இருக்கு. எங்கக்கா எட்டு நிமிஷமும் எடுத்திருக்கு."

கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள் குனிந்தன. தம்பியின் முகம். ஒரு நிமிடம் ஓடிய பிறகும் தம்பியின் முகம்.

"என்னம்மா இது, காரையே காணோம்?"

"தம்பியை எடுத்தேன் சார்."

"இதைக் கல்யாணத் தரகர்கிட்ட குடுங்கம்மா, நல்ல பொண்ணாக் கிடைக்கும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் எனக்காகச் சிரித்தான். செயலாளர் நல்ல மனிதர். பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஆதாரம் வராவிட்டால் கோப்பையில் பெயர் வெட்டிவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன், பல வருடத்தில் முதல் முறை. வீட்டுத் தொலைக்காட்சியில் வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது தடவை பார்க்கும்போது ஒன்று பிடிபட்டது. கார் நேர்ப்பாதையில் வரும்போது தம்பியின் தலை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் திரும்புகிறது. வளைவுகளில் துண்டு துண்டாக இடப்பக்கம் வந்து சேர்கிறது. அப்படியென்றால் ஒரு வீச்சு ஒரு சுற்று. பட்டன் டப்பாவை எடுத்து வந்தேன். தலை திரும்பத் திரும்ப ஒவ்வொரு பட்டனாகத் தரையில் வைத்தேன். முப்பத்திரண்டு. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் முப்பத்திரண்டு.

தம்பி வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் உட்கார வைத்தேன். அவனும் எண்ணினான். முடிந்ததும் பட்டன் வரிசையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ போலீஸ்ல இருக்க வேண்டியவ" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

பிறகு, "இன்னொரு தடவை போடு" என்றான். இந்த முறை அவன் பட்டனைப் பார்க்கவில்லை. திரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்தான். பாதியில் நிறுத்தச் சொன்னான்.

நேர்ப்பாதையில் கார் வரும்போது சக்கரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அந்த இரண்டு மூன்று விநாடி வலது கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், எதையோ உருட்டுவது போல, ஆடிக்கொண்டிருந்தன. ஒன்பதாவது சுற்றிலிருந்து கடைசிவரை. நான் தலையை மட்டும் எண்ணியிருந்தேன்.

"ரொம்ப நல்ல கேமராக்கா" என்றான்.

"எத்தனை நாளாடா?"

"ஆறு மாசம் இருக்கும். எதையாவது பிடிச்சிருந்தா ஆடாது. சும்மா இருந்தாத்தான்."

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தா எழுதிக் குடுப்பார். எழுதிக் குடுத்தா கீழ இறக்கிடுவாங்க. இறக்கிட்டா நான் யாருக்கா?"

திரையை அணைத்தேன்.

"இதை நீ கமிட்டியில குடுத்தா அவங்க கிளப்போட ஃபேஸ்புக் பக்கத்துல போடுவாங்க. எங்க சைட்ல ஆளாளுக்கு போன்ல பாப்பான். கோப்பை வரும், சீட்டு போயிடும். எனக்குக் கோப்பை வேண்டாம்."

"அவருக்காவது தெரியுமா, உன் சிக்னல்காரருக்கு?"

"அவன் வாய்ல தண்ணி நிக்காது. சொல்லாதே. நான் பாத்துக்கிறேன். பாரத்தைத் தூக்கி இறக்குற லீவர் வலது கையிலதான், அதை விடாமப் பிடிச்சிருப்பேன். சும்மா விட்டாத்தானே ஆடும்?"

பட்டன் ஆடினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். அன்று ஒட்டவில்லை. பட்டன்களை அள்ளி டப்பாவில் போட்டேன். வீடியோ இருந்த மெமரி கார்டையும் அதற்குள்ளேயே போட்டு மூடினேன். பத்தாம் நாள் கோப்பையில் வேறொருவன் பெயர் வெட்டப்பட்டது. சிக்னல்காரர் ஒரு வாரம் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார். "அக்கா, அடுத்த வருஷம் காரை மேடையில ஏத்திடுவோம், இவனை ஓட விடுவோம். அப்பத்தான் உங்க கேமராவுக்குச் சரிப்படும்." நானும் சிரித்துவைத்தேன்.

நான்கு மாதம் கழிந்தது. ஒரு புதன்கிழமை, காலை பத்தே முக்கால். கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு உயரத்தில் பாரம் நின்றதும், சிக்னல்காரர் உள்ளே வந்து அடியில் மரக்கட்டையைச் சரிசெய்து வைக்க வேண்டும். "நிறுத்து" என்றார். நின்றது. குனிந்தார். மேலே, நிறுத்திய லீவர்மேல் தம்பியின் வலது கை சும்மா கிடந்தது, ஆடியது. பாரம் இறங்கிவிட்டது. சிக்னல்காரரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை வைத்தார்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று முதல் நாளே எழுதிவிட்டார்கள். தம்பியைக் கேட்டார்கள்: அவர் நிறுத்து என்று சொன்னாரா? "சரியாக் கேக்கல" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த ஒரு வார்த்தையில், சிக்னல் சொல்லாமல் பாரத்துக்கு அடியில் நுழைந்தவர் என்று ஒன்பது வருடக் கூட்டாளியின் மேல் பழி போய் உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"வாங்கக்கா. நூலு வரலையா? வரச் சொல்லுங்க. இனிமே டயர் துடைக்கக் குனிய வேண்டாம், நான் பாதி உயரத்துல இருக்கேன்."

எனக்கு வந்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன் என்று தெரியும்.

"அந்தப் பந்தய வீடியோவை எண்ணிப் பாத்தேன். முப்பத்திரண்டு சுத்து."

"பாத்தீங்களா. நான் அப்பவே சொன்னேன்." சிரித்தார். "அப்புறம் ஏன் குடுக்கல?"

சொன்னேன். கையைப் பற்றி, ஒன்பதாவது சுற்றிலிருந்து. அவர் சிரிப்பு உடனே போகவில்லை. மறந்துபோய் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"எப்பப் பாத்தீங்க?"

"பந்தயத்துக்கு மறுநாள்."

"நாலு மாசம்." விரலை மடக்கி எண்ணினார். "நாலு மாசமா அவன் கை ஆடுதுன்னு தெரிஞ்சே என்னைக் கீழே நிக்க வச்சீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நான் நிறுத்துன்னு சொன்னேன்கா. அவன் நிறுத்தினான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நீங்க போங்க."

அன்று மாலை தம்பியிடம் பட்டன் டப்பாவைத் திறந்து காட்டினேன். "நாளைக்கு இதை விசாரணையில குடுக்கப் போறேன். உன்னைக் கேக்கல, சொல்றேன்." அவன் மெமரி கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் இருந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டான். "எந்தெந்த நிமிஷம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கா. அவங்க தலையைத்தான் பாப்பாங்க" என்றான்.

எழுதினேன். இருபத்து நான்கு வரிகள். ஒவ்வொன்றிலும் நிமிடம், விநாடி, எந்த விரல்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பெரிய திரையில் தம்பியின் முகம் வந்தது. நடுவில் இருந்தவர் தாளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கார் பந்தயம்னு எழுதியிருக்கீங்க. இதுல கார் எங்கம்மா?"

"கார் இல்ல சார். கை இருக்கு."

எட்டு நிமிடமும் ஓடியது. என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்திரண்டு.

சிக்னல்காரர் மேல் இருந்த பழி எடுக்கப்பட்டது. தம்பியின் உரிமம் ரத்தாயிற்று. எனக்குத் தனியாக ஒன்றும் இல்லை. வழக்கம்போல மேசையில் பட்டன் பார்க்கிறேன். வியாதிக்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னார். மாத்திரையால் ஆட்டம் குறையும், நிற்காது என்றார். தம்பி சிக்னல்காரரைப் பார்க்க அவர் வீட்டுக்கு மூன்று முறை போனான். கதவு திறக்கவில்லை. நான்காம் முறை ரிமோட் காரை வாசலில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் அது எங்கள் வாசலில் இருந்தது, டயர் துடைத்தபடி. ஒரு சீட்டு, ஒரு வார்த்தை எதுவும் இல்லை.

தம்பி அதை எடுத்து அலமாரியில் வைக்கப் பார்த்தான். கை ஆடியது. நான் வாங்கி வைத்தேன்.