கரண்டுத் தொட்டியும் கழலாத மெட்டியும்

என் காலில் கிடந்த மெட்டியைக் கழற்ற நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இப்போது எழுதும்போதும் அதுதான் வருகிறது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவள் நான். வயசானதும் காலில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. பகலில் எப்படியோ நடமாடிவிடுவேன். காலையில் எழுந்ததும் பாதத்தை ஊன்ற முடியாது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, கண்ணாடித் துண்டை மிதித்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் கக்கூஸ் பின்பக்கம், முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. கதவு வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். அதற்கு மேல் பிடிக்கச் சுவர் கிடையாது. என் வீட்டுக்காரர் வந்து கையைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவர் பேசாமல் பிடிப்பாரா?

"மெல்ல வா, மெல்ல வா. இந்தா படி. அந்தா கல்லு. ஆச்சு, கக்கூஸ் வந்துட்டு!"

தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டில் பல் விளக்குகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நாலு பேர் முன்னால் தண்ணீர் குடிக்கவே கூச்சப்படுகிறவள் நான். யாரும் பிடிக்காமல், யாரும் சத்தம் போடாமல் காலையில் கக்கூஸுக்குப் போய்வர வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வயசான டாக்டர் கரண்டுத் தண்ணீரில் காலை வைத்து வைத்தியம் பண்ணுகிறார் என்று கேள்விப்பட்டு, டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். ஒரு பழைய வீடு. நடு அறையில் ஒரு மர நாற்காலி. அதன் கீழே இரண்டு பீங்கான் தொட்டி, இரண்டு பக்கமும் கைக்கு இரண்டு சின்னத் தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு கரித்தகடு, அதிலிருந்து ஒயர் போய் ஒரு மரப்பெட்டியில் சேருகிறது. பெட்டியில் கடிகாரம் மாதிரி ஒரு முள், ஒரு பித்தளைத் திருகு.

"இது எங்க தாத்தா வாங்கின மிஷின்மா," என்றார் டாக்டர். "அந்தக் காலத்துல வாதம்னு வந்தா இப்படித்தான் தண்ணியில கரண்டு விடுவாங்க. இப்ப எல்லாரும் தூக்கிப் போட்டுட்டாங்க. நான் உள்ள பேட்டரி மாத்தி வச்சிருக்கேன், பயப்படாதீங்க. எங்க வலிக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "குதிங்கால்ல டாக்டர்," என்றார்.

வலி விரல் மூட்டில். எப்படியும் பாதம் முழுக்கத்தானே தண்ணீரில் இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரே ஒரு விஷயம் அழுத்திச் சொன்னார். வளையல், மோதிரம், மெட்டி, தண்ணீருக்குள் போகிற உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை அதையெல்லாம் கழற்றிவிட்டு வர வேண்டும்.

வளையலைக் கழற்றிவிட்டேன். மெட்டி கழலவில்லை. கல்யாணத்தன்று போட்டது, வாய் திறக்காத முழு வளையம். மூட்டு வீங்கின பிறகு விரலோடு விரலாகிவிட்டது. சோப்புப் போட்டேன், எண்ணெய் போட்டேன், நூல் சுற்றி இழுத்தேன். தோல்தான் உரிந்தது. ஆசாரியிடம் போய் வெட்ட வேண்டும் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தறியில் வெட்டிப்போட்ட துணி வீட்டில் எப்போதும் கிடக்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்து, இரண்டு மெட்டியின்மேலும் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் எதைத்தான் இந்தத் துணியால் மூடவில்லை? கரண்டையும் மூடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் கழட்டியாச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாம் கழட்டியாச்சு டாக்டர்," என்றார் இவர். என் காலை அவர் பார்த்துப் பல வருஷம் இருக்கும்.

சேலை மறைப்பிலேயே காலைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர். டாக்டர் திருகைத் திருப்பினார், முள் நகர்ந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி பாதம் முழுக்க ஒரு குறுகுறுப்பு. "சுருக்குன்னு குத்துனா ஒடனே சொல்லணும்," என்றார்.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து கதவைப் பிடித்தேன், பிறகு விட்டேன், நாலு எட்டு நானாகவே வைத்தேன். ஐந்தாவது எட்டில் இவர் ஓடிவந்து பிடித்துவிட்டார். அது கரண்டினாலா, வெந்நீராலா எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் யாரும் "ஏட்டி" என்று கூப்பிடாமல் உட்கார்ந்திருந்ததால்கூட இருக்கலாம். எதுவானால் என்ன, நாலு எட்டு வைத்தேன்.

அன்றைக்குத் தொட்டியில் வலது விரலில் சுருக்கென்று குத்தியது. தீக்குச்சி வைத்த மாதிரி. உடனே சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் என் வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு பல்லைக் கடித்தேன். காலை வெளியே எடுத்தபோது டாக்டர் அந்தத் துணியைப் பார்த்துவிட்டார். அவிழ்த்துப் பார்த்தால் மெட்டியைச் சுற்றிலும் தோல் வெந்து வெள்ளையாக இருந்தது.

"ஈரத் துணி கரண்டைத் தடுக்கும்னு யாரும்மா சொன்னது?" என்றார். "விரலே போயிருக்கும். புண்ணு ஆறட்டும். மெட்டி இருக்குற காலு இனிமே என் தொட்டிக்குள்ள வரக் கூடாது."

மருந்து போட்டுக் கட்டி அனுப்பினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே இவர் ஆரம்பித்தார்.

"மெட்டியக் கழட்டவா? நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், இவ மெட்டியக் கழட்டுவாளாம்!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். எனக்கு மதினி முறை. மறுநாளே வந்து இறங்கிவிட்டார்கள்.

"ஏட்டி, நம்ம வீட்டுல எவ புருஷன் இருக்கையில மெட்டி கழட்டினா? என் தம்பி முகத்தப் பாரு. ஒரே நாள்ல எப்படி வாடிட்டான்!"

தம்பி முகம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை சாம்பார் கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த டாக்டர் கிட்ட வேற வைத்தியம் கேக்க வேண்டியதுதானே," என்றார்கள் மதினி.

"வெந்நீரு தானக்கா. அத நானே போடுதேன்," என்றார் இவர்.

போட்டார். பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர், அதில் ஒரு கை உப்பு. என் புண்ணுக்காலை விட்டுவிட்டு இன்னொரு காலை அதில் வைக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்துகொண்டார். "இப்ப எப்படி இருக்கு? இப்ப? சூடு போதுமா? ஏட்டி, வாயத் திறந்து சொல்லேன்." நிமிஷத்துக்கு ஒரு தரம். இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் நல்ல காலுக்கே வலி வரும்.

பத்து நாள் இந்தக் கூத்து. புண் ஆறிவிட்டது. வலி பழையபடி வந்துவிட்டது. நாலு எட்டும் போனது, சுவரும் அவர் கையும் திரும்பி வந்தன. பதினோராம் நாள் காலையில் முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் கக்கூஸுக்குப் போக வேண்டியவள். பாதி வழியில், அவர் கையில், அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நிற்கிறேன்.

அன்று அவர் கடைக்கும் மதினி அவசர அவசரமாகக் கோயிலுக்கும் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். ஆசாரி கடை இரண்டு தெரு தள்ளி. நின்று நின்று போய்ச் சேர்ந்தேன்.

"மெட்டிய வெட்டணும்," என்றேன்.

ஆசாரி நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. "ஐயா வரலையாம்மா? அவிய கிட்டக் கேட்டுட்டீகளா?"

"காலு என்னுது," என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

அவர் என் காலைப் பலகைமேல் வைக்கச் சொன்னார். மெட்டிக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, மயிர் மாதிரி ஒரு ரம்பத்தால் அறுத்தார். இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத எதுக்குச் சும்மா வைக்கிய? வாயத் தட்டி, தொறந்த மெட்டியா ஆக்கித் தாரேன். வேணும்னா போடுங்க, வேண்டாம்னா கழட்டுங்க. இப்ப எல்லாரும் அதத்தான் போடுதாக," என்றார். கால் மணி நேர வேலை.

பத்து நாள் மூன்று பேர் பேசியும் எங்களுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவரும் மதினியும் கூடத்தில் இருந்தார்கள். மெட்டியை அவர்கள் முன்னால் வைத்தேன். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மதினி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அட, தொறந்த மெட்டியா? நான் போட்டிருக்கது இதுதானே. ராத்திரி போர்வையில மாட்டுதுன்னு கழட்டி வச்சிருவேன்."

நானும் இவரும் மதினியின் காலைப் பார்த்தோம். உண்மைதான். அவசரத்தில் கோயிலுக்குக் கிளம்பியதில், ஒரு காலில் அன்றைக்கு மெட்டியே இல்லை.

"அப்ப இத ஏன் மதினி முன்னாலயே சொல்லல?" என்றேன்.

"நீ கேட்டியா?" என்றார்கள்.

இவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெள்ள எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். டாக்டர் என் விரலை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விட்டார். "எங்க வலிக்குதுன்னு சொன்னீங்க, குதிங்காலா?" என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர், விரல் மூட்டுல." டாக்டர் கைத்தொட்டியை ஒதுக்கிவிட்டு, காலுக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்து, தகட்டை விரல் பக்கமாக நகர்த்தி வைத்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே நகர்த்தியிருப்பார்.

டாக்டர் சொன்ன மீதி நாளும் போய்வந்தேன். வலி முழுக்கப் போகவில்லை. மழை நாளில் இன்னும் உண்டு. ஆனால் போன வாரம் ஒரு காலையில் கதவைத் தாண்டி முற்றத்தில் இறங்கினேன். இவர் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"மெல்ல வா, மெல்ல வா. இந்தா படி..."

"சத்தம் போடாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவர் கையைச் சுற்றிக்கொண்டு நானே போய்க் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டேன்.