சரோஜத்தின் இடது கன்னம்

பாறசாலைப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும் சரோஜத்துக்குப் பூவாரில் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவில் வேலை. கல்யாணமான புதிதில் பப்படம் பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெந்து சுருங்கிவிட்டது. அதன்பின் அவள் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை. சர்ச் சபையில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், படம் எடுக்கும் நேரத்தில் பந்தியில் பரிமாறப் போய்விடுவாள். கணவர் நேசமணியோ மகள் லிஜியோ அந்தத் தழும்பைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை.

கூட வேலை செய்யும் லேகாதான் போனில், முகத்தை மெருகேற்றிப் படம் எடுக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொடுத்தாள். முதல் படத்தில் கன்னம் வழவழவென்று இருந்தது. சரோஜம் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தினமும் காய்ந்துகொண்டிருக்கும் வெள்ளைப் போர்வைகளுக்கு முன்னால் ஒரு படம், உடனே வாட்ஸப் ஸ்டேட்டஸ். சபைக் குழுவில் இதயமாக வந்து விழும். அவள் சமையலறையில் பாடத் தொடங்கியது அந்த மாதத்தில்தான்.

ஒரு விடுமுறை நாளில் துணி எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போனவள் மதியம் கழிந்தும் திரும்பவில்லை. போன் அணைந்திருந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய் வேறு. நேசமணி கடைகடையாக ஏறி இறங்கினார். லிஜி, அம்மாவின் ஸ்டேட்டஸில் இருந்த ஒரு படத்தை எடுத்து, "காணவில்லை, பச்சைச் சேலை" என்று எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். படம் ஊர் ஊராகப் போயிற்று. ஓர் அழைப்புகூட வரவில்லை.

பொழுது சாயும்போது இருவரும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றார்கள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது சினிமாக்காரி போலயல்லே? அடையாளம் வல்லதும் உண்டோ, மச்சமோ தழும்போ?" என்று கேட்டார்.

நேசமணி வாயைத் திறக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, சொல்லுங்க."

"நீயே சொல்லு மக்கா. எனக்கு வரல்ல."

"இடது கன்னத்துல தீக்காயம் உண்டு" என்றாள் லிஜி. சொல்லும்போதுதான், அனுப்பிய படத்தில் அது இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அம்மாவை நேரில் பார்த்தவர்கள்கூட இது வேறு ஆள் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். வெளியே ஓடிவந்து லேகாவை அழைத்தாள்.

"அக்கா, ஆப் போடாத படம் ஒண்ணு உண்டா?"

லேகா தயங்கினாள். "நான் வேற ஒரு போட்டோ எடுக்கும்ப ஓரத்துல சேச்சியும் பதிஞ்சிருக்கு. அழிக்கச் சொன்னது, நான் மறந்துபோயிட்டேன். இத அனுப்பினேன்னு தெரிஞ்சா சேச்சி என்னக் கொன்னுபோடும்."

"அனுப்புங்க அக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

படம் வந்தது. ஈரப் போர்வையைப் பிழிந்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சரோஜம். இடது கன்னம் முழுவதும் தெரிந்தது. லிஜியின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இத்தனை வருடம் அம்மா மறைத்ததை ஊருக்கே காட்டப் போகிறோம் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அழைத்தாள். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து படியில் தலை அடிபட்ட ஒரு பெண்ணை ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்களாம். பையும் இல்லை, பேச்சும் இல்லை. "முதல் படம் எனக்கும் வந்துது. இவங்க இல்லன்னு நெனச்சேன்" என்றாள் நர்ஸ்.

சரோஜம் பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆள் கிடைத்துவிட்ட செய்தி பாதி வழியில் நின்றுபோக, படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த மூஞ்சியத்தான் அனுப்பினியா? அங்க மலையில அம்பூரிக்காரன் வரைக்கும் பாத்தாச்சு."

"வேற வழி இல்லம்மா."

அதன்பின் பல நாள் அவள் லிஜியோடு பேசவில்லை, வேலைக்கும் போகவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேசமணியின் முன்னால் வந்து நின்றாள்.

"போலீஸ்காரன் கேட்டப்ப நீங்க ஒண்ணும் சொல்லாம மிண்டாம நின்னீங்களாமே. அவ்வளவு நாணக்கேடா?"

"நாணக்கேடு இல்ல சரோஜம். சொன்னா நீ வெசனப்படுவேன்னாக்கும். இத்தன வருசமும் அதுக்குத்தான் மிண்டாம இருந்தேன்."

"நான் நெனச்சது வேற" என்றாள். அவர் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். அவளும் அங்கேயே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

மறுவாரம் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, "இப்ப சுகமா?" என்று கேட்டாள். ஸ்டேட்டஸில் பழையபடி வழவழப்பான படங்கள் வரத் தொடங்கின. லிஜியும் இதயம் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் புறப்படும்போது சரோஜம் முற்றத்தில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"என்ன ஒரு படம் எடுத்து வச்சுக்கோ. ஆப் ஒண்ணும் வேண்டாம். ஆனா எவனுக்கும் அனுப்பப்பிடாது, கேட்டியா?"

லிஜி எடுத்தாள். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கச் சரோஜம் போனைக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பஸ் போய்விடும் என்று முன்னால் நடந்தாள்.