புரளாத விரிப்புகள்

எனக்கும் என் மாமியாருக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மருமகள் ஜால்ரா போடுகிறாள் என்பீர்கள்.

அத்தை மனநல மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். எனக்குக் கல்யாணமான மறுவாரம், துவைக்கப் போட்டிருந்த என் படுக்கை விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணு நாளா நீ தூங்கல. அம்மா ஞாபகமா?" என்றார். உண்மைதான். ஆனாலும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விரிப்புக்கெல்லாம் வாய் முளைத்த வீட்டில் ஒருத்தி எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

அது அவருடைய தொழில் புத்தி. தூங்குகிறவர் புரளுவார், புரண்டால் துணி கசங்கும், ஓரம் உருவிக்கொண்டு வரும். சலவைக்கூடத்துக்கு ஒவ்வொரு வார்டின் துணியும் தனித்தனி மூட்டையாக வரும். மடிப்பில் சீப்போ கரண்டியோ சிக்கியிருந்தால் இயந்திரம் பாழாகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் உதறிவிட்டுத்தான் உள்ளே போடவேண்டும். அப்படி உதறி உதறியே யார் நிம்மதியாகத் தூங்கினார், யார் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார் என்று சொல்லப் பழகிவிட்டார். நான்கு இயந்திரங்கள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆளிடம் பேசவும் கத்தவேண்டும். வீட்டிலும் அதே குரல்தான். அத்தை ரகசியம் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

துவைத்த துணியை மடிக்க நோயாளி ஒருவர் தினமும் பத்து மணிக்கு வருவார். நான்காம் வார்டுக்காரர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் மடிப்புக்காரர். முனையோடு முனை சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பார். ஒன்பது வருஷம் அத்தையோடு ஒரே மேசையில் நின்றவர். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க விடமாட்டார், காகிதத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுவார்.

ஒரு மாதம், நான்காம் வார்டு மூட்டை வேறு மாதிரி வர ஆரம்பித்தது. விரிப்புகளின் ஓரம் போட்டது போட்டபடியே இருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு ஈரம். தலையணை உறைகளில் ஒரே பக்கம் எச்சில் கறை. ஒருவர் இருவர் அல்ல, இருபத்திரண்டு பேர் படுத்தது படுத்தபடி கிடந்திருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் அந்த வார்டில் மூன்று பேர் இறந்தார்கள். மூவருக்கும் பதிவேட்டில் ஒரே காரணம்: இதயம் நின்றுவிட்டது. இதயம் நிற்காமல் இதுவரை யார் செத்திருக்கிறார்கள்?

அத்தை தலைமை நர்ஸிடம் போனார். "ஒருத்தரும் புரளவே இல்லைங்கம்மா. மருந்து ஏதோ அதிகமாகுது, பாருங்க."

"நீ துணி துவைக்க வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா?"

அத்தை வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம். மறுவாரம் மடிப்புக்காரர் பதினொரு மணிக்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ராத்திரி ஊசியை இன்னும் கூட்டிட்டாங்கக்கா. கால் சொன்னபடி கேக்கல," என்றார். அன்று அவர் மடித்த துணிகளில் முனை சேரவில்லை. அவர் பிரித்து மடிக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவர் வரவில்லை. அவருடைய கட்டில் எண் போட்ட விரிப்பு மட்டும் வந்தது, கசங்காமல். நான்காவது சாவு அவருடையது.

அதன்பிறகு அத்தை நான்காம் வார்டு துணியைத் துவைக்கவில்லை. எட்டு நாள் நாற்றத்தோடு கட்டிவைத்திருந்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட அதிகாரிகள் வந்தபோது, அவர்கள் நடந்துவந்த பாதையில் அத்தனையையும் விரித்துப்போட்டார். விசாரணை நடந்தது. இருபத்திரண்டு பேரை ஒற்றை ஆள் பார்த்துக்கொள்வதற்காக எல்லோருக்கும் தூக்க ஊசியை இரண்டு மடங்காக ஏற்றியிருந்தார்கள். ஊசியைக் குறைத்தார்கள், சாவு நின்றது. பெரிய டாக்டருக்குத் தண்டனை என்ன தெரியுமா? வேறு ஊருக்கு மாற்றல். நான்கு உயிருக்கு ஒரு மாற்றல்.

அத்தை ஓய்வுபெற்ற பிறகு, இதைப் படமாக எடுக்கிறோம் என்று ஒரு கதாசிரியர் வந்தார். நான்கு நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தை நேராக மடிப்புக்காரரின் தங்கையிடம் போனார். அந்தம்மா தையல் வேலை செய்பவர். அண்ணன் வெறி முற்றிச் செத்தான் என்று தெருவே பேசியதை அத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே தைத்தவர்.

"எங்கண்ணனைப் பத்தி ஒருத்தராவது உள்ளதைச் சொன்னாப் போதும்க்கா," என்றார்.

"சொல்லுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றார் அத்தை.

முதல் காட்சிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மடிப்புக்காரரின் தங்கையையும் அத்தை கூட்டிக்கொண்டு வந்தார். திரையில் ஓர் இளம் டாக்டர், கோட் பறக்க மாடி மாடியாக ஓடி மர்மத்தைக் கண்டுபிடித்தார். சலவைக்காரி மூன்று விநாடி வந்து, பிணத்தைப் பார்த்து வீலென்று அலறி மூட்டையைக் கீழே போட்டாள். அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கொலைகாரன் யார் என்கிறீர்கள்? சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் நோயாளி. தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டு, விரிப்பை முனையோடு முனை சேர்த்துச் சிரித்துக்கொண்டே மடித்தான். கடைசியில் அவன் மாடியிலிருந்து விழுந்தபோது அரங்கம் கைதட்டியது. தங்கை அழவில்லை. மடியில் கைகளை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

விளக்கு போட்டதும் அத்தை கதாசிரியரைப் பிடித்தார். "செத்தவரைக் கொலைகாரனாக்கிட்டியேப்பா."

"கதைக்கு ஒரு திருப்பம் வேணும்லம்மா. பேர் எங்கயும் வரலையே."

பேர் வரவில்லையாம். அந்த மடிப்பு வந்ததே?

அதற்குள் அத்தையை மேடைக்கு அழைத்துப் பூங்கொத்தும் மைக்கும் கொடுத்தார்கள். அத்தை பூங்கொத்தைக் கீழே வைத்தார்.

"மடிப்புக்காரர் யாரையும் கொல்லல. அவரைத்தான் கொன்னாங்க. தெரிஞ்சும் நான் ஒரு வாரம் வாயைத் திறக்கல..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு அத்தையைப் பற்றித் தெரியாது. வெறுங்குரலில், நான்கு இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அதே குரலில், முதலிலிருந்து ஆரம்பித்தார். ஈரம், எச்சில் கறை, ஊசி, சேராத முனை, எதையும் விடவில்லை. இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்து இறக்கும்வரை பேசினார்.

படம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. அன்று திரும்பும்போது பேருந்தில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். பொறுப்பு என்று சொன்ன வார்த்தை போய்விட்டதே என்ற அவமானம். வெகுநேரம் கழித்துத் தங்கைதான் அவர் கையைத் தொட்டார்.

"நீங்க பேசறப்போ நான் எந்திரிச்சுக் கடைசி வரிசைக்குப் போய் நின்னேன்க்கா," என்றார். "அங்க வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு."