சூடேறாத டிரம்

அவளை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மானிக்காரி என்பார்கள். பழைய தொழிற்சாலை மண்ணைச் சுத்தம் செய்யும் இடங்களுக்கு வாரம் ஒருமுறை போய், காற்று வெளியேறும் குழாயின் வாயில் விஷ ஆவியை அளக்கும் கையடக்க மானியை நீட்டி, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவள் வேலை. மானி இல்லாவிட்டால் அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் மூக்கு செத்து ஏழு வருஷமாகிறது.

சாகடித்தவனுக்குச் சக்கரைக்கட்டி என்று பட்டப்பெயர். மேற்பார்வையாளன். வாயைத் திறந்தால் தேன் வழியும். பெண்கள் அத்தனை பேரும் அவனுக்குத் தங்கச்சி. அந்த நாளில் மானிக்காரி அவனிடம் டிரம் மாற்றும் வேலையில் இருந்தாள். மண்ணில் ஊறிப்போன, பிசுக்கு கழுவும் கரைப்பானின் ஆவியைப் பம்பு உறிஞ்சும். அந்த ஆவி கரி நிரப்பிய டிரம்முக்குள் அடியில் நுழைந்து மேலே ஏறும். காகிதத்தில் அதற்குக் கிளர்வூட்டப்பட்ட கரி என்று நீட்டி முழக்கிய பெயர். வேலையாட்கள் வாயில் வெறும் கரிதான். கரி விஷத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விடும். பிடித்துப் பிடித்துக் கரி நிரம்பியதும் டிரம்மை மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் விஷம் நேராகத் தெருவுக்குத்தான்.

சக்கரைக்கட்டி மாற்றமாட்டான். பழைய கரிக்கு மேலே நாலு விரற்கடை புதுக் கரியைப் பரப்பி, டிரம்முக்குப் பெயிண்டு அடித்து, புதுத் தேதிச் சீட்டை ஒட்டிவிடுவான். "புது டிரம் தங்கச்சி, முகமூடியெல்லாம் எதுக்கு" என்று சொல்லிச் சிரிப்பான். அவள் நம்பினாள். இரண்டு கோடை அந்த டிரம்களுக்கு நடுவில் வேலை செய்தாள். ஒருநாள் வீட்டில் அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துப்போனது. பக்கத்து அறையிலேயே இருந்த அவளுக்குத் தெரியவில்லை. புகார் கொடுத்தாள். விசாரணையில் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பாவம் சார், பிறவியிலேயே மூக்கு கோளாறு. என் தங்கச்சி மாதிரின்னு வேலை கொடுத்தேன்" என்றான். வேலையும் போயிற்று, பொய்க்காரி என்ற பெயரும் வந்தது. மறுவருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. மாமியாரும் நாத்தனாரும் மாற்றி மாற்றிக் குழந்தையின் உச்சியை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளும் முகர்ந்தாள். வெறும் சூடு மட்டும் வந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. இவனை விடக்கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அலைந்து திரிந்து இந்த மானி வேலையில் சேர்ந்தாள். புகார் கொடுத்து ஏழு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, புதிதாகச் சேர்த்த ஒரு இடத்துக்கு அவளை அனுப்பினார்கள். கேட்டைத் திறந்தவன் அவனேதான். தொப்பை கூடியிருந்தது, முடி குறைந்திருந்தது, தேன் மட்டும் அப்படியே இருந்தது.

"அடடே, தங்கச்சி. நல்லா இருக்கியா? மூக்கு இப்ப எப்படி?"

"அப்படியேதான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு மானியைக் குழாயில் நீட்டினாள். எண் தங்கமாக இருந்தது. ஆனால் டிரம்முக்கு மேலே குழாயில் ஒரு சின்ன வால்வு பாதி திறந்திருப்பதைக் கண்டாள். வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் மானி ஏமாந்துபோகும். டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டில் முந்தாநாள் தேதி. சும்மா சாய்ந்து நிற்பதுபோல உள்ளங்கையை டிரம்மின் வயிற்றில் வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

நல்ல கரி ஆவியைப் பிடிக்கும்போது சூடாகும். இத்தனை ஆவி வரும் இடத்தில், மாற்றி இரண்டு நாளான டிரம் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருக்க வேண்டும். இதை அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. அவனிடம் டிரம் உருட்டிய கைக்குத் தெரியும். இது செத்த டிரம். அவன் திருந்தவே இல்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அப்போதே எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும். சாயங்காலத்துக்குள் அவன் டிரம்மை மாற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு சிரிப்பான். வியாழக்கிழமை அவள் ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார். அதற்குள் எல்லா டிரம்மும் புதிது என்று அவன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கையெழுத்தின் ஈரம் காயும் முன்னே டிரம்மைத் திறந்தால் உரிமம் பறிபோகும், ஜென்மத்துக்கும் இந்தத் தொழில் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நடுவில் மூன்று நாள். ஏழு வருஷம் பொறுத்தவளுக்கு மூன்று நாள் ஒரு பொருட்டா என்ன?

வெளியே வந்தபோது, வேலியை ஒட்டிய வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு தையற்காரி எட்டிப் பார்த்தாள். குழாயின் வாய் அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது.

"அக்கா, ரெண்டு நாளா ஒரே நெடி. மண்டைய பிளக்குது. உக்காந்து தைக்கவே முடியல. இதனால உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

உண்மையைச் சொன்னால் இவள் தெருவையே கூட்டிவிடுவாள். அவன் உஷாராகிவிடுவான். மானிக்காரி மானியைப் பைக்குள் வைத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தங்கச்சி. மழை பேஞ்சா மண்ணு அப்படித்தான் நாறும். ஜன்னல சாத்திக்கோ."

மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. தையற்காரி தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அதன் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

வியாழக்கிழமை எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அவன் கையெழுத்துப் போட்டான். அதிகாரிக்கு நாற்காலி போட்டான், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான். மானிக்காரி எழுந்து போய் அந்தச் சின்ன வால்வை இறுக மூடிவிட்டு மானியை நீட்டினாள். எண் எகிறியது. "டிரம்மைத் திறந்து பாத்துடலாம் சார்" என்றாள். பம்பை நிறுத்தி மூடியைக் கழற்றினார்கள். மேலே நாலு விரற்கடை உலர்ந்த, பளபளப்பான கரி. அவள் ஒரு நீளக் குழாயை அடிவரை குத்தி இழுத்தாள். வந்தது பிசுபிசுவென்று கட்டிக்கட்டியாக ஊறிக்கிடந்த கரி. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சக்கரைக்கட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாக மாட்டியவனுக்கு வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடியது.

"தங்கச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். ஏழு வருஷம் முன்னாடி."

அங்கேயே சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை அவள் நின்று, நிதானமாக, கண் குளிரப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு இருந்ததில்லை. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. வேலியோரத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தையற்காரி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மண்ணெண்ணெய் பாட்டில் திறந்திருந்தது.

"வாங்கக்கா. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன். தலைவலிகூட குறைஞ்சிருச்சு."

"இப்பதான் நிறுத்தினோம். இனிமே நெடி வராது."

"இப்பவா? செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துலேருந்தே நெடி இல்லையே. நீங்க அன்னைக்கே சரி பண்ணிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

பம்பு இன்று மதியம் வரை ஓடியது. மானிக்காரி பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இத கொஞ்சம் மோந்து பாரு."

"எதுக்குக்கா?" என்று சிரித்துக்கொண்டே அவள் வாங்கி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "அட, வாசனையே இல்ல. கடைக்காரன் தண்ணிய கலந்துட்டான் போல. இத போயி மண்ணெண்ணெய்னு குடுத்திருக்கான் பாருங்க."

மானிக்காரி பாட்டிலை வாங்கித் தன் மூக்கடியில் வைத்து இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. மண்ணெண்ணெய்தானா, தண்ணீர்தானா, அவளால் சொல்ல முடியவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்தபடியே, முகர்ந்து சொல்லத் தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்க்க வாசலுக்குப் போனாள்.