நாற்பத்தொரு பேருக்குச் சாட்சி

தியோலிண்டா அந்தப் போர்ச்சுகல் துறைமுக நகரத்தின் பொதுக் குளியலறையைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, வெந்நீர்க் கொதிகலனைப் பற்றவைத்து, துண்டுகளை மேஜையில் அடுக்குவாள். குளிக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வீடு கிடையாது. மூடிக்கிடந்த மத்தி மீன் டப்பா ஆலையின் வாசலில் படுத்து எழுந்து வருகிறவர்கள்.

குளிர்காலத்துக்கென்று நகராட்சியிடம் பணம் இருந்தது. ஆனால் மூன்று டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அதைத் தொடுவார்கள். விளையாட்டு மண்டபத்தில் கட்டில் போடுவார்கள். ஐந்து டிகிரியில் விடாமல் மழை பெய்தால் விதிப்படி அது குளிரே அல்ல. அந்த ஜனவரியில் பதினொரு நாள் அப்படித்தான் பெய்தது. அதில் ஒரு நாள் காலை, முன்பு மீன்பிடிப் படகில் வேலை பார்த்த விர்ஜிலியு, விரல் மடங்காமல் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டு நின்றார். தியோலிண்டாதான் கழற்றிவிட்டாள்.

“இன்னைக்கு எத்தனை டிகிரி, அக்கா?”

“நாலு.”

“அடச்சே, நூலிழையில தப்பிடுச்சே கட்டில்!”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நகராட்சி வருஷாவருஷம் கொஞ்சம் பணத்தை ஒதுக்கி, அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று மக்களையே ஓட்டுப் போடச் சொல்லும். முதல் இரண்டு இடத்துக்கு வரும் யோசனைகளுக்குப் பணம் கிடைக்கும். வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு தங்குமிடம், வாரம் இரண்டு நாள் நர்ஸ், வேலையும் மருந்தும் வாங்கித்தர ஓர் ஊழியர் என்று தியோலிண்டா எழுதிக் கொடுத்தாள். யோசனை பட்டியலில் ஏறியது. ஆனால் ஓட்டுப் போட இருப்பிடச் சான்று கேட்டார்கள்; ஆலை வாசலில் படுக்கிறவர்களிடம் அது ஏது?

“அவங்களுக்கு முகவரி இருந்தா நான் ஏம்மா இங்க வந்து நிக்கிறேன்?” என்றாள் வட்ட அலுவலகத்தில்.

அங்கிருந்த பெண் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். “இந்த வட்டத்து வாக்காளர் ரெண்டு பேர் வந்து, இவர் இங்கதான் இருக்காருன்னு சாட்சி சொன்னா சான்று தரலாம்மா. அது தெருவா இருந்தாலும் சரி.”

ஒரு சாட்சி தியோலிண்டா. இன்னொருவர் வேண்டும். பாதிரியார் ஊரில் இல்லை. மருந்துக்கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றவர், அதற்குப் பிறகு அவளைக் கண்டாலே உள்ளே போய்விட்டார். கடைசியில் ஆலைக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்த அன்செல்முவிடம் போனாள். வாசலில் படுக்கிறார்கள் என்று மாதம் ஒரு புகார் எழுதுகிற மனிதர் அவர்.

“எங்கிட்டயா வந்திருக்க? காலையில காப்பிக்குப் பதிலா வேற ஏதாவது குடிச்சியா?”

“அவங்க அங்க இருக்காங்கன்னு நீங்கதானே அண்ணே மாசாமாசம் எழுதுறீங்க. அதையே அலுவலகத்துல வந்து சொல்லுங்க.”

“என் ஓட்டு ஆத்தங்கரையில விளக்கு போடற யோசனைக்குத்தான்.”

“எதுக்கு வேணா போடுங்க. பொய் சொல்லச் சொன்னேனா?”

அன்செல்மு கோப்பையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டார். “பொய் எனக்கு வராது. என்னைக்குப் போகணும்?”

மூன்று வியாழக்கிழமைகள் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த அளவு விவரம் தியோலிண்டாவுக்கே தெரியாது. “சுல்மிரா படுக்கிறது ஆலை வாசல்ல இல்லம்மா, பக்கத்துச் சந்துல. நவம்பர்ல மாறினாங்க. சரியா எழுது” என்று அலுவலகப் பெண்ணைத் திருத்தினார். நாற்பத்தொரு பேருக்குச் சான்று கிடைத்தது.

ஓட்டெடுப்பில் தங்குமிடம் மூன்றாவதாக வந்தது. விளக்கு ஜெயித்தது. தியோலிண்டா அன்று குளியலறைத் தரையை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள். அதற்கடுத்த நாள் நகராட்சியின் கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்தாள். தலைக்கு இவ்வளவு என்றுதான் வட்டங்களுக்குச் சமூகநலப் பணம் பிரிக்கிறார்கள். அவர்கள் வட்டத்தில் வீடில்லாதவர்கள் ஆறு பேர் என்று போட்டிருந்தது.

மன்றக் கூட்டத்துக்கு நாற்பத்தொரு சான்றுகளின் நகலோடு போனாள். மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். முடிந்ததும் உட்காரச் சொன்னார்கள்.

“உக்கார மாட்டேங்க. இதுல இருக்கறது உங்க முத்திரை. நாப்பத்தொண்ணு நிஜமா, ஆறு நிஜமா? அதை மட்டும் சொல்லுங்க, போறேன்.”

“இதுக்கெல்லாம் யார் சாட்சி?” என்றார் ஒரு கவுன்சிலர்.

பின்வரிசையில் அன்செல்மு எழுந்தார். அவர் வருவார் என்று அவள் நினைக்கவே இல்லை. “நான்தான். அந்தத் தங்குமிடம் என் கடைப் பக்கம் வர்றது எனக்குப் பிடிக்கல. ஆனா எண்ணிக்கை சரி. நான் தினம் பாக்கறேன்.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டார்.

எண்ணிக்கை திருந்தியதும் பணமும் திருந்த வேண்டியிருந்தது. அக்டோபரில், மூடிக்கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் பதினான்கு கட்டில்கள் வந்தன. நர்ஸும் ஓர் ஊழியரும் வந்தார்கள், ஒரு வருஷ ஒப்பந்தத்தில். விர்ஜிலியுவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. சுல்மிரா வாசல்வரை வந்து திரும்பிப் போனாள். அவளுடைய நாயை உள்ளே விட மாட்டோம் என்றார்களாம்.

இருபத்தேழு பேர் இன்னும் வெளியே. தியோலிண்டா அடுத்த வருஷ விண்ணப்பத்தை வாங்கிவந்து குளியலறை மேஜையில் விரித்தாள். கட்டில் இருபத்தேழு என்று எழுதினாள். அதற்குக் கீழே, நாய்களுக்கு ஓர் அறை என்றும் எழுதிவிட்டு, அடுத்து வந்தவருக்குத் துண்டை எடுத்து நீட்டினாள்.