கமலா மிஸ் சொன்ன இரண்டு பெயர்கள்

கமலா மிஸ் காலமாகிவிட்டார். நேற்றுப் பின்னேரம். கொஞ்சக் காலமாகச் சுகமில்லாமல் இருந்தாராம்... எனக்குத் தெரியாது. விசாரித்திருக்க வேண்டும்.

பூசை நேரங்களையும் எங்கள் நெடுந்தீவு மரண அறிவித்தல்களையும் தவிர இந்த முகநூல் பக்கத்தில் நான் எதுவும் போடுவதில்லை. இதைக் காலையிலிருந்து நாலு தரம் எழுதி அழித்துவிட்டேன்.

மிஸ் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ஸ். நேர்ஸ்மாரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வருடத்துக்கு முன் என் மகள் டிலானியின் குழந்தை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெண் குழந்தை. ஒரு கிலோவும் இல்லை.

இரண்டாம் கிழமை மகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது. மாறும்வரை உள்ளே விடமுடியாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மறுநாள் காற்று எழும்பியது, எங்கள் தீவுக்குப் படகு ஓடவில்லை. மருமகன் கட்டாரில்.

அதன்பிறகு எங்களுக்குக் குழந்தை என்றால், வீட்டிலிருந்த ஒரே போன், என்னுடைய போன்தான்.

பின்னேரம் நாலு மணிக்கு மிஸ் வீடியோ கோல் எடுப்பார். நான் மூன்றே முக்காலுக்கே சார்ஜ் பார்த்து, கமராவைத் துடைத்து, சிக்னல் நிற்கிற யன்னலோரம் கதிரையைப் போட்டுவிடுவேன். இருந்தும் ஒருநாளும் போனைச் சரியாகப் பிடித்ததில்லை.

"மாஸ்டர், உங்கட நெத்தியைப் பாத்துப் பாத்துப் பிள்ளைக்கு அலுத்துப்போச்சு. கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கோ" என்பார். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அவருக்கு நான் மாஸ்டர்.

போனைப் பெட்டிக்குள் கொண்டுபோக ஏலாது. வெளியே, குழந்தையின் காதுக்கு நேரே பிடித்துக்கொண்டு மகளைக் கதைக்கச் சொல்லுவார். மகள் என்ன கதைப்பாள்... காற்று, மழை, கோழி முட்டையிட்டது. குழந்தை கால்விரலை விரிக்கும். அதை மிஸ் கிட்டக் காட்டுவார்.

பெயர் மட்டும் முடிவாகவில்லை. மகளுக்குப் பிடித்தது ரோசலின். எனக்கு, இறந்துபோன என் மனைவியின் பெயர், அன்னம்மா. நான் சண்டை போடுகிற ஆள் இல்லை. பேசாமல் இருந்துவிடுவேன். அதனாலேயே முடியாமல் இழுபட்டது.

"நீங்கள் ரண்டு பேரும் முடிவெடுக்க, இவ பள்ளிக்கூடம் போகப்போறா" என்று மிஸ் பகிடி பண்ணினார்.

ஒருநாள் மகள் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள். எங்கள் கத்தோலிக்க சமயத்தில் குழந்தைக்கு உயிராபத்து என்றால், குருவானவர் வர முடியாத இடத்தில், யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். வேறு சமயத்தவரும் கொடுக்கலாம். அப்படி ஏதும் வந்தால் செய்வீர்களா என்று கேட்டாள்.

மிஸ் விரலால் தன் நெற்றியைத் தொட்டார். அவர் நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். "நான் சைவம். என்ர கையால ஊத்தினாச் செல்லுமோ மாஸ்டர்?"

செல்லும் என்றேன். பிறகு சந்தேகம் வந்து பங்குத்தந்தையையும் கேட்டேன். சொல்லவேண்டிய வசனம், ஊற்றவேண்டிய முறை, எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு பெயர் மட்டும் சொல்லவேண்டும் என்றும் எழுதினேன்.

மகள் கேட்டது ஒன்றுதான். "ஊத்தேக்க எனக்குக் கோல் அடியுங்கோ மிஸ். நான் பாக்கவேணும்."

"ஓம் பிள்ளை. முதல் உமக்குத்தான் அடிப்பன்."

படகு நின்ற ஏழாம் நாள், காலை பத்து மணியிருக்கும். மகள் கிணற்றடியில் நின்றாள். போன் அடித்தது... மிஸ்.

நாலு மணிக்கு வரவேண்டிய கோல் பத்து மணிக்கு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நான் எடுக்கவில்லை. கை போகவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். கை நன்றாகத்தான் இருந்தது. பயம். அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. மூன்றாம் தரம் பேப்பரை எடுத்து அதன்மேல் போட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்து நானே எடுத்தேன். அதற்குள் குழந்தை போய்விட்டிருந்தது.

"நான் ஊத்தினனான் மாஸ்டர்" என்றார். "நீங்கள் எழுதின மாதிரியேதான். எந்தப் பேர் எண்டு தெரியேல்லை. ரண்டையும் சொன்னனான். பிழையோ?"

பிழையில்லை என்றேன்.

மகளிடம், சிக்னல் இல்லாமல் போய்விட்டது என்று சொன்னேன்.

காற்று அடங்கிப் படகு ஓடியதும் குழந்தையைக் கொண்டுவரப் போனோம். வாசலில் மிஸ் நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "எனக்கு அடிக்கேல்லையோ மிஸ்?"

மிஸ் ஒருதரம் என்னைப் பார்த்தார்.

"அடிச்சனான் பிள்ளை. லைன் கிடைக்கேல்லை."

அவருடைய போனில் மூன்று தரம் மணி போனது அவருக்குத் தெரியும். அதன்பிறகும் மகளோடு அடிக்கடி கதைப்பார், மாஸ்டர் சுகமோ என்று கேட்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் போனை வாங்கமாட்டேன். ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இன்று காலைப் படகில் மகள் செத்தவீட்டுக்குப் போயிருக்கிறாள். என்னையும் வரச் சொன்னாள். முழங்கால் ஏலாது என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

டிலானி, இதை நீ வாசிப்பாய். வீட்டுக்கு வரமுதல் வாசித்தால் நல்லது. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் முடியாது, எட்டு வருடமாக முயன்று பார்த்துவிட்டேன். லைன் இருந்தது. நான்தான் எடுக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

கமலா மிஸ்... போய் வாருங்கள். எனக்காக ஒரு பொய்யைச் சுமந்தீர்கள். அது என்னுடையது.